அமெரிக்கத் தயாரிப்பு

‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று நிபந்தனையின்றி விளம்பரம் செய்ய, பொருள் முழுதும் அல்லது ஏறத்தாழ முழுதும் அமெரிக்காவில் உருவாகியிருக்க வேண்டும் என்கிறது கூட்டாட்சி வணிக ஆணையம். அரசுக் கொள்முதலுக்கு அளவுகோல் தளர்வானது: 1933ஆம் ஆண்டு ‘பை அமெரிக்கன்’ சட்டத்தின் கீழான விதிகள், பொதுவாக உதிரிபாகச் செலவில் 65 விழுக்காடு உள்நாட்டினதாக இருந்தால் ஏற்கின்றன, 2029இல் இது 75 ஆகும்.

சிக்கல் முற்றுவது கார்களில். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய காரின் கண்ணாடியில் ஒட்டும் சீட்டு, பாகங்களைப் பொருத்தி முடித்த ஊரையும் எஞ்சின், கியர்பாக்ஸ் வந்த நாடுகளையும் சொல்கிறது. உதிரிபாகங்களில் மட்டும் அமெரிக்கா, கனடா இரண்டின் பங்கையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறது. வாங்குபவருக்கு இது பெருங்குறை. நிறுவனத்தின் நாட்டை வைத்தும் முடிவு செய்ய முடியாது: ஜப்பானிய டொயோட்டாவின் கேம்ரி கென்டக்கியில் உருவாகிறது. அமெரிக்க ஃபோர்டின் மேவரிக், மெக்சிகோவின் எர்மோசியோவில்.