வெள்ளத்துக்கு முந்தைய போட்டோ யார்கிட்ட இருக்கு?

வெள்ளம் வந்த முதல் வாரம் எல்லா கேமராவும் வந்துடும். ஹெலிகாப்டர், படகு, மொட்டைமாடியில கையாட்டுற ஜனங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதே தெருவை யார் படம் எடுக்கிறாங்க? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

இடம், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல இருக்கிற லோயர் நைன்த் வார்டு. பெரும்பாலும் கறுப்பின உழைக்கும் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. வாடகைக்கு இருந்தவங்களை விட சொந்த வீட்டுக்காரங்கதான் அங்கே அதிகம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். இந்த ஏரியாவை மூழ்கடிச்சது வெறும் மழை இல்லை. பக்கத்துல இருக்கிற இண்டஸ்ட்ரியல் கால்வாயோட வெள்ளத் தடுப்புச் சுவர் ரெண்டு இடத்துல உடைஞ்சது. தண்ணீர் வந்த வேகத்துல வீடுகள் அஸ்திவாரத்தை விட்டே நகர்ந்தன. ஒரு பெரிய சரக்குப் படகு உடைப்பு வழியா உள்ளே வந்து வீடுகள் மேல உட்கார்ந்தது.

நைன்த் வார்டுல வாழ்ந்த கிம்பர்லி ரிவர்ஸ் ராபர்ட்ஸ்கிட்ட சமீபத்துல வாங்கின ஒரு மலிவான வீடியோ கேமரா இருந்தது. ஊரை விட்டுக் கிளம்ப வண்டி இல்லை. புயலுக்கு முந்தின நாள் அக்கம்பக்கத்தில் பேசினதையும், அடுத்த நாள் பரண்ல இருந்து தெரிஞ்ச தண்ணியையும் எடுத்தார். அந்தக் காட்சிகளை வச்சு உருவான 'ட்ரபிள் த வாட்டர்' ஆவணப்படம் 2008ல சன்டான்ஸ் விழாவில் பெரிய பரிசு வாங்கினது. என்னைக் கேட்டா, அதுல தண்ணியை விட அந்த முந்தின நாள்தான் விலைமதிப்பில்லாதது.

ஏன்னா, தண்ணி வடிஞ்ச பிறகு வீட்டுச் சுவர்கள்ல மிஞ்சினது ஒரு பெருக்கல் குறி. மீட்புக் குழுக்கள் ஸ்ப்ரே பெயின்ட்ல போட்டது. மேல தேதி, இடது பக்கம் குழுவோட பேர், வலது பக்கம் ஆபத்து ஏதாவது, கீழே உள்ளே கண்டுபிடிச்ச ஆட்களோட எண்ணிக்கை. பல வீடுகள்ல அந்தக் குறி வருஷக்கணக்கா இருந்தது. இந்த வார்டுல பல இடத்துல வீடே இல்லாமப் போச்சு.

காரணம் பணம். லூசியானா அரசோட 'ரோட் ஹோம்' திட்டம், வீட்டோட பழைய சந்தை விலை, பழுது பார்க்கிற செலவு, இந்த ரெண்டுல எது குறைவோ அதைத்தான் கணக்குல எடுத்தது. ஒரே அளவு வீடு, ஒரே அளவு தண்ணி, ஒரே சிமெண்ட் விலை. ஆனா கறுப்பினப் பகுதியில சந்தை விலை கம்மி, அதனால உதவியும் கம்மி. சொந்த வீடு இருந்தும் கட்ட முடியலை! 2008ல வழக்குப் போட்டாங்க. 2011ல 6.2 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. வார்டுல 2000ல சுமார் 14,000 பேர். 2010ல 3,000 பேர் கூட இல்லை.

இதை எப்படிப் படம் எடுப்பீங்க? புல் முளைச்ச காலி மனை, நடுவுல எங்கேயும் போகாத மூணு படிக்கட்டு. புதுசா வர்றவங்களுக்கு அது ஏதோ கிராமம் மாதிரி அமைதியாத் தெரியும். சேதத்தைக் காட்டணும்னா முன்னாடி எடுத்த படம் வேணும். கூகுள் ஸ்ட்ரீட் வியூல பழைய தேதிக்குப் போகலாமேன்னு நம்மள மாதிரி ஆட்களுக்குத் தோணும். ஆனா அது தொடங்கினதே 2007ல. குடும்ப ஆல்பங்களைத் தண்ணி தின்னுடுச்சு.

அந்த 'முன்னாடி'யை வச்சிருந்தவங்க கீத் கால்ஹூன், சாண்ட்ரா மெக்கார்மிக் தம்பதி. அதே வார்டுக்காரங்க. கரும்பு வெட்டுற தொழிலாளிகள், ஜாஸ் இறுதி ஊர்வலம், அங்கோலா சிறைன்னு பல வருஷமா லூசியானாவைப் படம் பிடிச்சவங்க. புயலுக்கு ஊரை விட்டுப் போய்த் திரும்பினப்போ, வீட்டுல இருந்த நெகட்டிவ்கள்ல பெரும்பகுதி ஊறிக் கிடந்தது. பிலிம் மேல இருக்கிறது ஜெலட்டின் படலம். நனைஞ்சா ஊதும், ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். அழுகல் பரவாம இருக்க ஃப்ரீசர்ல வச்சாங்க.

அப்புறம் அவங்க செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்கேன் பண்ணி, கறையைத் துடைக்காம, கெட்டுப்போன மாதிரியே பிரிண்ட் போட்டுக் காட்சிக்கு வச்சாங்க. ஊர்வலத்துல நடக்கிற மனுஷன் இருக்கார். அவரைச் சுத்தி உருகின நிறம், பூஞ்சை வட்டங்கள். முன்னாடியும் பின்னாடியும் ஒரே பிலிம்ல. 2007லயே அந்த வார்டுக்குள்ள எல்9 கலை மையத்தையும் தொடங்கிட்டாங்க, காலி மனைகளுக்குப் பக்கத்துல.