மனைவி வேலைக்குப் போனால் கணவரின் உதவித் தொகை என்னவாகும்?

கணவருக்கு முதுகுத் தண்டில் அடி. எழுந்து நடக்க முடியவில்லை. அரசாங்கம் உதவித் தொகை கொடுக்கிறது; அதில்தான் குடும்பம் ஓடுகிறது. இந்நிலையில் மனைவிக்குப் பக்கத்துக் கடையில் வாரத்திற்குச் சில மணி நேர வேலை கிடைக்கிறது. போகலாமா, வேண்டாமா? வரப்போகும் சம்பளத்தைவிட நின்றுபோகும் உதவித் தொகை அதிகமாகிவிட்டால் என்ன செய்வது?

சமையலறையில் உட்கார்ந்து போடுகின்ற இந்தக் கணக்குக்குப் பிரிட்டனில் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கின்றது. சமூகநலத் திட்டங்களுக்கு முன்னோடி என்று உலகமே பேசுகின்ற நாடு அது. அங்கேயே இந்தக் கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

கதை 1931இல் தொடங்குகிறது. பொருளாதார மந்தத்தால் வேலையில்லாதோர் தொகை 25 லட்சத்தைத் தாண்டியிருந்த நேரம். காப்புறுதிச் சலுகைக் காலம் முடிந்தும் வேலை கிடைக்காதவர் உதவி கேட்டால், 'வருமானச் சோதனை' செய்ய அதிகாரி வீட்டுக்கே வருவார். யார் யார் சம்பாதிக்கிறார்கள், சேமிப்பு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வார். மகள் ஆலையில் வேலை செய்தால் அவள் கூலியும் கணக்கில் சேரும்; தகப்பனுக்குக் கிடைக்கும் தொகை குறையும். சம்பாதிக்கும் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் உண்டு. இந்தச் சோதனை குடும்பங்களை உடைத்த விதத்தை எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்திருக்கிறார்.

மக்களின் கோபத்திற்குப் பணிந்து 1941இல் அந்தக் குடும்பச் சோதனையை நாடாளுமன்றம் கைவிட்டது. பிள்ளைகளின் கூலி தப்பியது. ஆனால் கணவனும் மனைவியும் மட்டும் ஒரே கணக்காகவே நீடித்தார்கள். பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1942இல் வெளிவந்த புகழ்பெற்ற பெவரிட்ஜ் அறிக்கையும் இதை மாற்றவில்லை. கணவன் சம்பாதிப்பவன், மனைவி அவனைச் சார்ந்தவள் என்ற எண்ணத்தின் மீதே அந்தக் கட்டடம் எழுந்தது. திருமணமான பெண் வேலை செய்தாலும் முழுச் சந்தா கட்டத் தேவையில்லை என்று 'சலுகை' கொடுத்தார்கள். சந்தா கட்டாததால், அவளே நோயில் விழுந்தபோது கைக்கு எதுவும் வரவில்லை. கணவன் படுத்துவிட்டால் குடும்பத்தை யார் தாங்குவது என்ற கேள்வியைத் திட்டம் வரைந்தவர்கள் ஆழமாக யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தவர்கள் உடல் பேறு குறைந்த இரண்டு இல்லத்தரசிகள்தாம். மேகன் டு பாய்சன், பெரிட் மூர் என்னும் அவ்விருவரும் 1965இல் உடல் பேறு குறைந்தோரின் வருமானத்திற்காகக் குரல் கொடுக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். மேகன் 1969இல் சாலை விபத்தில் மறைந்தார். எழுபதுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த உதவித் தொகைகளை அவர் பார்க்கவில்லை.

அந்த உதவித் தொகைகளிலும் மனைவியருக்குத் தனிக் கதவுதான். 1977இல் உடல் பேறு குறைந்த திருமணமான பெண்களுக்கு ஓர் ஓய்வூதியம் வந்தது. வெளிவேலை செய்ய முடியாது என்று நிரூபித்தால் மட்டும் போதாது. வீட்டு வேலையும் செய்ய முடியாது என்று காட்ட வேண்டும். சமைக்க முடியுமா, துணி துவைக்க முடியுமா, கடைக்குப் போக முடியுமா என்றெல்லாம் கேள்விகள். ஆண்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. 1984இல்தான் அந்தச் சோதனை ஒழிந்தது.

அதைவிட வேடிக்கை, 1976இல் வந்த பராமரிப்பாளர் அலவன்ஸ். கடுமையாக உடல் பேறு குறைந்தவரைக் கவனிப்பதற்காக வேலையை விட்டவர்களுக்கான தொகை அது. வாரம் 35 மணி நேரமாவது கவனிக்க வேண்டும். ஆனால் திருமணமான பெண்களுக்குக் கிடையாது! அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் வாதம். படுக்கையில் கிடக்கும் கணவரை இரவு பகலாகக் கவனித்த மனைவிக்கு ஒரு பென்னிகூட இல்லை.

ஜாக்குலின் டிரேக் என்ற திருமணமான பெண் 1984இல் நோயுற்ற தம் தாயாரைக் கவனிக்க வேலையை விட்டார். அலவன்ஸ் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். சமூகக் காப்புறுதியில் ஆண், பெண் பேதம் கூடாது என்ற ஐரோப்பியச் சமூகத்தின் 1978ஆம் ஆண்டு விதியைக் காட்டி வாதம் நடந்தது. லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் 1986 ஜூன் 24ஆம் தேதி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தோற்பது உறுதி என்று தெரிந்த பிரிட்டிஷ் அரசாங்கம், முதல் நாளே விதியை மாற்றப்போவதாக அறிவித்துவிட்டது. மானத்தைக் காக்க ஒரு நாள் அவகாசம் போதும் போலும்! தாயாருக்காக ஒரு பெண் நடத்திய வழக்கு, கணவரைக் கவனித்த மனைவியருக்கும் கதவைத் திறந்துவிட்டது.

இனி வேலைக்குப் போகும் மனைவியின் கதைக்கு வருவோம். 1988இல் வருமான ஆதரவுத் திட்டம் வந்தது. அதன்படி உடல் பேறு குறைந்தவர் உள்ள வீட்டில் சம்பாத்தியத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். பிற்காலத்தில் அது வாரம் 20 பவுண்டாக இருந்தது. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித் தொகையில் ஒரு பவுண்டு குறையும். மனைவி 60 பவுண்டு சம்பாதித்தால் வீட்டுக்கு உண்மையில் கூடுவது 20 பவுண்டுதான். பேருந்துக் கட்டணத்தைக் கழித்தால் மிச்சம் என்ன? 1996 முதல், துணைவர் வாரம் 24 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால் அந்த உதவியே நின்றுபோகும் என்பது விதி. இதைக் கேட்டு எத்தனை பெண்கள் வேலையை வேண்டாம் என்றார்களோ!

இங்கே பலரும் குழம்புகின்ற ஓர் இடம் உண்டு. எல்லா உதவியும் இப்படிக் குறைவதில்லை. 1992இல் வந்த உடல் பேறு குறைந்தோர் வாழ்க்கைச் செலவுத் தொகையும், 2013 முதல் அதன் இடத்திற்கு வந்த தொகையும் வருமானத்தைப் பார்ப்பதில்லை. மனைவி எவ்வளவு சம்பாதித்தாலும் கணவருக்கு உரியது குறையாது. சந்தா கட்டிப் பெறும் நோய்க்காலத் தொகையும் அப்படித்தான். ஆனால் 2012இல் அதில் ஒரு பிரிவினருக்கு ஓராண்டு வரம்பு வைத்தார்கள். அதன்பின் வீட்டு வருமானத்தைப் பார்ப்பார்கள். மனைவியின் சுமாரான சம்பளத்தால் கணவர் தம் பெயரில் ஒன்றுமே பெறாமல் போன வீடுகள் உண்டு.

2013 முதல் படிப்படியாக வந்த ஒருங்கிணைந்த உதவித் திட்டம், மணிநேர வரம்பை நீக்கியது. 2021 இறுதியிலிருந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்னி குறைகிறது. 45 பென்னி கையில் நிற்கிறது. முன்னைய விதியைவிட இது நல்லதுதான்.

பராமரிப்பாளர் அலவன்ஸில் மட்டும் பழைய பள்ளம் அப்படியே இருந்தது. 2024இல் வாரம் 151 பவுண்டு வரை சம்பாதிக்கலாம். ஒரு பென்னி கூடினாலும் அந்த வாரத்து அலவன்ஸ் 81 பவுண்டு 90 பென்னியும் போய்விடும். ஓராண்டு முழுவதும் வாரம் ஒரு பென்னி கூடினால், அதிகம் சம்பாதித்தது 52 பென்னி. திருப்பிக் கட்ட வேண்டியது 4,258 பவுண்டுக்கு மேல். பலருக்கு ஆண்டுகள் கழித்துத்தான் கடிதம் வந்தது. அதற்குள் கடன் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. ஊதிய விவரம் வரி இலாகா வழியாகத் துறைக்கு வந்துகொண்டிருந்தும் உடனே எச்சரிக்காதது யார் குற்றம்?

2024இல் இது பத்திரிகைகளில் பெரிதாக வெடித்தது. லிஸ் சேஸ் தலைமையில் அரசாங்கம் ஆய்வுக்கு உத்தரவிட்டது. ஏறி இறங்கும் சம்பளத்தைச் சராசரி பார்ப்பதில் துறையின் வழிகாட்டுதலே தவறாக இருந்தது என்று 2025 நவம்பரில் அந்த ஆய்வு கண்டது. பாதிக்கப்பட்டோரின் கணக்கை மீண்டும் பார்க்க அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

அதற்கு முன்னரே, 2025 ஏப்ரலில், வரம்பு 196 பவுண்டாக உயர்ந்திருந்தது. அப்போதைய குறைந்தபட்ச ஊதியத்தில் 16 மணி நேர வேலைக்கு அது ஈடாக இருந்தது. ஆனால் வரம்பைத் தாண்டினால் அலவன்ஸ் முழுவதும் போகும் என்ற விதி அந்த உயர்வோடு நீங்கவில்லை. டிசம்பரில் கடைக்காரர் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கச் சொன்னால், அந்த மனைவி முதலில் சம்பளச் சீட்டைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.