வருமான வரிக்குப் பதிலாக ஒரே வரி: எளிமையானது எல்லாம் நியாயமானதா?

"ஜகாத் என்றால் 2.5 சதவீதம், கணக்கு முடிந்தது. அரசாங்கமும் வருமான வரியை எடுத்துவிட்டு இதுபோல ஒரே வரியாகப் போட்டால் என்ன, ஹஜ்ரத்?"

தி.நகரில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், ஜகாத் கணக்குப் பார்க்க வந்தபோது கேட்ட கேள்வி இது. ஆடிட்டர் கட்டணம், ரிட்டர்ன், நோட்டீஸ் வந்துவிடுமோ என்ற பயம் என்று அவர் பட்ட சிரமம் அந்தக் கேள்வியில் தெரிந்தது. நம் குடும்பங்களில் பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். எனவே இந்த யோசனை எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் முயன்று பார்க்கப்பட்டது, அமலுக்கு வந்தால் யாருக்கு லாபம், யாருக்குச் சுமை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதல் எதிர்ப்பு சென்னையிலிருந்து

இந்தியாவில் வருமான வரி 1860 ஜூலை 24 அன்று அமலுக்கு வந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கச் செய்த செலவால் பிரிட்டிஷ் அரசின் கஜானா காலியாகியிருந்தது. அதை நிரப்ப, நிதிப் பொறுப்பேற்று வந்த ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த வரி இது. ஆண்டுக்கு 200 முதல் 500 ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம்.

இதைப் பகிரங்கமாக எதிர்த்தவர் அன்றைய சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். இந்த நாட்டுக்கு இந்த வரி பொருந்தாது, படைச் செலவைக் குறைத்தாலே பற்றாக்குறை தீரும் என்பது அவர் வாதம். தம் எதிர்ப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்ததால் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். பின்னர் அவரே இந்தியாவின் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். அவர் காலத்தில், 1865-ல் அந்த வரி கைவிடப்பட்டது.

ஆனால் அரசுக்குப் பணம் தேவைப்பட்டபோதெல்லாம் வருமான வரி வேறு வேறு வடிவில் திரும்பி வந்தது. 1886-ல் நிலையான சட்டமாயிற்று. 1922-லும் 1961-லும் புதிய சட்டங்கள் வந்தன. வரியை எடுப்பது எளிது, அது தந்த பணத்துக்கு மாற்று வழி காண்பதுதான் கடினம். 2025-26 மத்திய பட்ஜெட்டின்படி அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 22 பைசா வருமான வரி. கம்பெனி வரி 17 பைசா, ஜிஎஸ்டி முதலியவை 18 பைசா, கடன் 24 பைசா. வருமான வரி வேண்டாம் என்பவர்கள் இந்த 22 பைசாவை யாரிடம் வாங்குவது என்று சொல்லியாக வேண்டும்.

டி.டி.கே.யின் செலவு வரி

ஆழ்வார்ப்பேட்டையையும் ராயப்பேட்டையையும் இணைக்கும் டி.டி.கே. சாலை நமக்குத் தெரிந்ததுதான். அந்தப் பெயருக்குரிய டி.டி.கிருஷ்ணமாச்சாரி மத்திய நிதியமைச்சராக இருந்தபோது ஒரு புதுமையை முயன்றார். கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் 1956-ல் இந்திய வரிகளை ஆராய்ந்து, சம்பாதிப்பதற்கு மட்டுமல்ல, செலவழிப்பதற்கும் வரி விதிக்கலாம் என்று பரிந்துரைத்தார். அதன்படி 1957-ல் செலவு வரிச் சட்டம் வந்தது. ஏழைகளைத் தொடாமல், உயர் வருமானக்காரர்களின் ஆடம்பரச் செலவை மட்டும் குறிவைத்த வரி அது.

நோக்கம் நல்லது, நடைமுறை கடினம். ஒருவர் ஆண்டு முழுவதும் எங்கே, எதற்குச் செலவழித்தார் என்று யார் கணக்கெடுப்பது? வசூல் மிகச் சொற்பமாக இருந்தது. 1962-ல் நீக்கினார்கள். டி.டி.கே. மீண்டும் நிதியமைச்சரானபோது 1964-ல் திரும்பக் கொண்டுவந்தார். 1966-ல் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது.

அதே காலத்தில் வருமான வரி விகிதமும் ஏறிக்கொண்டே போனது. 1973-74-ல் மிக உயர்ந்த விகிதம் சர்சார்ஜ் சேர்த்து 97.75 சதவீதம். கடைசியாகச் சம்பாதித்த நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் மிச்சம் என்றால் யார் உண்மைக் கணக்குக் காட்டுவார்? 1997-ல் ப.சிதம்பரம் 10, 20, 30 சதவீதம் என்று மூன்று விகிதங்களாக்கினார். விகிதம் நியாயமாக இருந்தால் மக்கள் மறைக்காமல் கட்டுவார்கள் என்பதே அதன் அடிப்படை.

வங்கிப் பரிவர்த்தனை வரி

இன்று அதிகம் பேசப்படும் யோசனை இதுதான். புனேயைச் சேர்ந்த அர்த்தகிராந்தி அமைப்பு, சுங்க வரி தவிர மற்ற எல்லா வரிகளையும் எடுத்துவிட்டு, வங்கிக் கணக்கில் வரவாகும் ஒவ்வொரு தொகையிலும் சுமார் 2 சதவீதம் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது. மயிலாப்பூரில் பிறந்த சுப்பிரமணியன் சுவாமியும் வருமான வரியை ஒழிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருபவர். ரிட்டர்ன் இல்லை, ஆடிட்டர் இல்லை, நோட்டீஸ் இல்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

நம் ஜவுளிக்கடைச் சகோதரரின் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். ஆண்டு விற்பனை 1 கோடி, லாபம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது 6 லட்சம். இன்றைய புதிய வரி முறையில் அவர் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்ஜியம். பரிவர்த்தனை வரி வந்தால் 1 கோடி வரவுக்கு 2 லட்சம் போய்விடும், அதாவது லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதே நாளில் அடையாறில் பரம்பரை மனையை 1 கோடிக்கு விற்பவரிடமும் அதே 2 லட்சம்தான் பிடிக்கப்படும். ஒருவருக்கு அது வருடம் முழுவதும் நின்று உழைத்த கூலியில் பெரும்பங்கு, மற்றவருக்குச் சிறு துளி.

'ஜிஎஸ்டியும்தானே போய்விடும்' என்று கேட்கலாம். ஜிஎஸ்டியில், கொள்முதலில் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ள முடியும். பரிவர்த்தனை வரியில் அது கிடையாது. நூல் மில், நெசவாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று பணம் நான்கு கை மாறினால் நான்கு முறை வரி. எல்லாவற்றையும் ஒரே கம்பெனிக்குள் செய்யும் பெரிய நிறுவனம் கட்டுவது ஒரே முறை. ரங்கநாதன் தெருவின் சிறு வியாபாரிக்கு இது பாதகம்.

பிரேசில் நாட்டில் 1997 முதல் 2007 வரை இப்படி ஒரு வரி இருந்தது. கடைசியில் விகிதம் 0.38 சதவீதம். பெயரிலேயே 'தற்காலிகம்' என்று இருந்தும் பத்தாண்டு ஓடியது. வருமான வரிக்குப் பதிலாக அல்ல, அதற்கு மேல் கூடுதலாக. இந்தியாவிலும் 2005 ஜூன் முதல் 2009 மார்ச் வரை பெரிய தொகையை ரொக்கமாக எடுத்தால் 0.1 சதவீத வரி இருந்தது. அதுவும் கூடுதல் வரியாகத்தான் வந்தது.

வளைகுடாவில் வரி இல்லையே?

நம் வீட்டுப் பிள்ளைகள் துபாயிலும் ரியாத்திலும் வரிப்பிடித்தமின்றிச் சம்பளம் வாங்குவதைப் பார்த்து எழும் கேள்வி இது. அங்கே எண்ணெய் வருவாய் அரசைத் தாங்குகிறது. அப்படியிருந்தும் 2018 ஜனவரி 1 முதல் அமீரகத்திலும் சவூதியிலும் 5 சதவீத வாட் வரி வந்தது. எண்ணெய் விலை சரிந்து கொரோனாவும் சேர்ந்தபோது, 2020 ஜூலையில் சவூதி அதை 15 சதவீதமாக்கியது. வருமான வரி இல்லாத இடத்தில் நெருக்கடி வந்தால் சுமை கடைச் சாமானின் மீது ஏறுகிறது. தங்குமறையில் எட்டுப் பேரோடு இருக்கும் தொழிலாளியும் முதலாளியும் அந்தச் சாமானுக்கு ஒரே விகிதத்தில்தான் வரி கட்டுகிறார்கள். தொழிலாளி சம்பளத்தில் பெரும்பகுதியை அன்றாடச் செலவுக்கே கொடுப்பவர், முதலாளி மிச்சம் பிடிக்க முடிந்தவர்.

ஜகாத்தின் எளிமை எதில் இருக்கிறது?

சகோதரரின் கேள்விக்கு இப்போது வருவோம். முதலில், ஜகாத் வரி அல்ல, இபாதத். அது சேர வேண்டிய எட்டுப் பிரிவினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் வரையறுக்கிறது. அரசுக்குக் கட்டும் வரி ஜகாத்துக்கு ஈடாகாது.

ஆனாலும் அதன் அமைப்பில் படிப்பினை உண்டு. 2.5 சதவீதம் என்ற எண் மட்டும் ஜகாத் அல்ல. நிஸாப் அளவை எட்டாதவர் கொடுக்க வேண்டியதில்லை. நிஸாபை எட்டினாலும் பணத்துக்கும் வியாபாரப் பொருளுக்கும் ஓராண்டு பூர்த்தியாக வேண்டும். குடியிருக்கும் வீடு, உடுத்தும் உடை, ஓட்டும் வண்டி கணக்கில் வராது. விளைச்சலில் மழையை நம்பிய நிலத்துக்குப் பத்தில் ஒன்று, உழைத்து நீர் இறைத்த நிலத்துக்கு இருபதில் ஒன்று. செலவின் மீதோ, பணம் கைமாறுவதன் மீதோ அது விதிக்கப்படவில்லை. இல்லாதவரைத் தொடாத எளிமை அது. பரிவர்த்தனை வரியில் நிஸாப் கிடையாது. விதவைத் தாய்க்கு மகன் அனுப்பும் ஐயாயிரத்திலும் நூறு ரூபாய் பிடிக்கும். இரண்டிலும் ஒரே விகிதம் என்பதற்காக இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

இன்றைய சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியவை

சட்டத்தைச் சுருக்கும் வேலை நடந்திருக்கிறது. 1961 சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் வகையில் வருமான வரிச் சட்டம் 2025 இயற்றப்பட்டது. 819 பிரிவுகள் 536 ஆகின. சொற்கள் சுமார் 5.12 லட்சத்திலிருந்து 2.6 லட்சமாகக் குறைந்தன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் நீங்கி 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல் வந்தது. 2025-26 நிதியாண்டுக்கான புதிய முறையில்:

• ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு சேர்த்து 12.75 லட்சம். பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

• வரி இல்லை என்பதால் ரிட்டர்ன் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்தால்தான் பிடித்தம் செய்த டிடிஎஸ் திரும்பக் கிடைக்கும். வங்கிக் கடனுக்கும் விசாவுக்கும் அதே தாள்தான் கை கொடுக்கும்.

• விற்பனை 2 கோடிக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள், ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி விற்பனையில் 6 சதவீதம் லாபம் என்று காட்டி, விரிவான கணக்குப் புத்தகமின்றித் தாக்கல் செய்யலாம். எளிய வரி வேண்டும் என்பவர்களுக்கு ஏற்கனவே இருக்கும் எளிய வழி இது.

• தனி நபருக்குக் கொடுத்த ஜகாத்துக்கு வரிக்கழிவு இல்லை. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடைக்கான கழிவும் பழைய முறையில்தான்.

இவற்றையெல்லாம் சொன்னபோது அந்தச் சகோதரர், "அப்படியென்றால் எனக்கு வரியே இல்லை, பயம்தான் இருந்திருக்கிறது" என்றார். நம்மில் பலர் நிலை அதுதான். அடுத்த முறை யாராவது 'ஒரே வரி' என்று சொன்னால் விகிதத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், இல்லாதவருக்கு அதில் விலக்கு உண்டா என்று கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவர்களிடமும் கேளுங்கள்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.