விடச் சொல்லும் உரிமை

பழைய காரில் பின்சக்கர பிரேக் பேட் மாற்றுவது முழுக்கக் கைவேலை. சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பரைத் தூக்கி, தேய்ந்த பேடை உருவி எடுக்க வேண்டும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்திருக்கும். புது பேட் தடிமனானது, அதற்கு இடம் வேண்டுமே? அதனால் பிஸ்டனை மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் அதே கேலிப்பரில் இருந்தால் வெறுமனே அழுத்தினால் போகாது, அழுத்திக்கொண்டே திருக வேண்டும். எவ்வளவு திருகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் மெக்கானிக்கின் மணிக்கட்டுக்குத் தெரியும்.

எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் இதற்கெல்லாம் முன்னால் ஒரு படி சேர்ந்துவிட்டது. "பேட் மாத்தப் போறோம், பிடியை விடு" என்று காரின் கணினியிடம் சொல்ல வேண்டும். சின்னப் படிதான். ஆனால் இருபது வருஷமாக அதைச் சுற்றி ஒரு சண்டை நடக்கிறது.

முதலில், பார்க்கிங் பிரேக் எதற்கு? காலால் மிதிக்கும் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. எண்ணெய் கசியலாம், அழுத்தம் இறங்கலாம். நிறுத்திவிட்டுப் போன காரை அதை நம்பி விட முடியாது. கார் பிரேக்குகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 13-எச் இதில் கறாராக இருக்கிறது. பார்க்கிங் பிரேக், பாரம் ஏற்றிய காரை 20 சதவீதச் சரிவில் அசையாமல் பிடிக்க வேண்டும். அதாவது 100 மீட்டருக்கு 20 மீட்டர் ஏறும் மேடு. பிடித்த பிறகு அந்தப் பிடி முழுக்க இயந்திர முறையிலேயே நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது கேட்கும் கடகட சத்தம், பல்சக்கரப் பூட்டு ஒவ்வொரு பல்லாக விழுகிற சத்தம். இந்த விதியை நிறைவேற்றுவது அதுதான்.

2001இல் பிஎம்டபிள்யூ தன் 7 சீரிஸ் காரில் நெம்புகோலை எடுத்துவிட்டு ஒரு பொத்தானை வைத்தது. அதில் ஒரே மோட்டார் பழையபடி கேபிளை இழுத்தது. கை இருந்த இடத்தில் மோட்டார், அவ்வளவுதான். அடுத்து வந்த கார்களில் கேபிளும் போனது. 2005இல் வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாட்டில் இரண்டு பின்சக்கரக் கேலிப்பர்களின் முதுகிலும் ஆளுக்கொரு மோட்டார். இன்று பரவலாக இருப்பது இந்த வகைதான்.

உள்ளே நடப்பது எளிமையானது. மோட்டார் சுழல, பற்சக்கரங்கள் அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டி ஒரு திருகைச் சுற்றும். திருகின் மேல் இருக்கும் நட், பிஸ்டனின் குழிக்குள் முன்னேறி, பிஸ்டனைத் தள்ளி, பேடை டிஸ்க் மீது இறுக்கும். மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறுவதை வைத்துப் போதுமான இறுக்கம் வந்துவிட்டதைக் கணினி தெரிந்துகொண்டு நிறுத்தும். அதன்பின் கரண்ட் தேவையில்லை. ஸ்க்ரூ ஜாக்கியை நினைச்சுப் பாருங்க. காரைத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தாலும் அது தானாக இறங்காது. விதி கேட்ட இயந்திரப் பிடி இந்தத் திருகில் கிடைத்துவிட்டது.

ஆக, பிடித்துக்கொண்டிருக்க மின்சாரம் வேண்டாம், விடுவதற்குத்தான் வேண்டும். அந்த மின்சாரத்தை யார் சொன்னால் அனுப்புவது என்பது மென்பொருளின் கையில்.

பேட் மாற்றும்போது இது ஏன் பிரச்சினை? வழக்கமாகப் பிரேக்கை விடுவித்தால் நட் கொஞ்ச தூரம்தான் பின்வாங்கும். பிஸ்டனை முழுசாக உள்ளே தள்ள வேண்டுமானால் நட்டும் முழுசாகப் பின்னால் போயிருக்க வேண்டும். அது தெரியாமல் கிளாம்ப் போட்டு நெருக்கினால் பிஸ்டன் நட்டில் முட்டி, திருகும் பற்சக்கரமும் சேதமாகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். அதனால் சில கார்கள் நிறுத்திய கொஞ்ச நேரத்தில் தாமாகவே இன்னொரு முறை இறுக்கிக்கொள்ளும். கேலிப்பருக்குள் விரல் இருக்கும்போது மோட்டார் ஓடினால்?

இந்தப் பயம் கற்பனையல்ல. மெர்சிடிஸ் 2001இல் எஸ்எல் காரிலும் 2002இல் இ-கிளாஸிலும் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக்கைக் கொண்டுவந்தது. கதவைத் திறந்தாலே விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றிக்கொள்ளும் பிரேக் அது. கணினியில் அதைத் தூங்கவைக்காமல் பேடில் கை வைக்கக் கூடாது என்பது மெக்கானிக்குகளுக்கான முதல் எச்சரிக்கை.

ஆகவே 'சர்வீஸ் மோடு' என்பது சதி அல்ல. நானும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன்தான். இந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தால் நானும் அப்படியொரு நிலையை வைத்திருப்பேன். ஆனால் அதற்குள் போகும் வழி எது என்பது தனி முடிவு. மாஸ்டாவின் சில மாடல்களில் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக் பொத்தானையும் குறிப்பிட்ட முறையில் அழுத்தினாலே போதும், கார் பேட் மாற்றத் தயாராகிவிடும். ஸ்கேனரே வேண்டாம். அப்படியென்றால் ஸ்கேனர் தொழில்நுட்பக் கட்டாயம் இல்லை, இல்லையா? அது ஒரு தேர்வு.

பல நிறுவனங்கள் அந்தத் தேர்வைத்தான் செய்தன. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற பொதுச் சொருகுவாய் கட்டாயமானது. அதைக் கொண்டுவந்தது புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதனால் புகை சம்பந்தப்பட்ட தகவல்கள் மட்டுமே எல்லோருக்கும் புரியும் பொதுமொழியில் வந்தன. அதே சொருகுவாய் வழியாகப் பிரேக்கிடம் பேச வேண்டுமா? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மொழி. பஸாட்டில் பார்க்கிங் பிரேக்கின் முகவரி 53. அங்கே 7ஆம் குழுவை அழைத்தால் நட் பின்வாங்கும், 6ஆம் குழு மறுபடி மூடும். இந்த எண்கள் தெரியாத மெக்கானிக்குக்கு அத்தனை வருட அனுபவமும் உதவாது. ராஸ்-டெக் போன்ற வெளி நிறுவனங்களின் மென்பொருள் வழியாகத்தான் அவை சின்ன ஒர்க்‌ஷாப்புகளுக்கு வந்தன. அதுவும் இல்லாத இடத்தில் மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி கொடுத்துப் பார்க்கிறார்கள். நட் நகரும்தான். எங்கே நிறுத்துவது என்று சொல்லக் கணினி இருக்காது.

சண்டை சட்டத்துக்கும் போனது. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பழுதுபார்க்கும் தகவலும் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற சட்டம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 86 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததுதான் குற்றம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

இன்று பல ஸ்கேனர்களில் பார்க்கிங் பிரேக்கைத் திறக்கும் வசதி சாதாரணமாக வருகிறது. பிரச்சினை முடிந்ததா? 2015இல் இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள், சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை இணையம் வழியாகத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. பிறகு 2018 முதல் தன் கார்களில் 'செக்யூரிட்டி கேட்வே' என்ற காவலைப் போட்டது. பதிவுசெய்து அனுமதி வாங்காத ஸ்கேனர் பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம், காரிடம் எதையும் செய்யச் சொல்ல முடியாது.

முதல் பூட்டுக்குக் காரணம் மெக்கானிக்கின் விரல். இரண்டாவதுக்குக் காரணம் ஓட்டுகிறவரின் உயிர். இரண்டுமே நியாயமான காரணங்கள், அதான் சிக்கல். நியாயமான பூட்டை யாரும் எதிர்ப்பதில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு யாரும் கேட்பதும் இல்லை. காரைப் பிடிப்பது எப்படி என்று விதி விளக்கமாகச் சொல்லிவிட்டது. பேட் தேய்ந்த காரை, அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவருக்காக விடுவிப்பது எப்படி என்பதை நிறுவனங்களிடம் விட்டுவிட்டார்கள்.

ஹூண்டாய் கிரெட்டா போன்ற கார்கள் வழியாக இந்தப் பொத்தான் இப்போது நம் தெருக்களிலும் நிற்கிறது. வாங்குவதற்கு முன் மைலேஜ் கேட்கிறோம், சன்ரூஃப் கேட்கிறோம். பின்சக்கர பேட் மாற்ற பிரேக்கை விடுவிப்பது எப்படி, நம்ம தெரு மெக்கானிக்கால் அது முடியுமா என்பதையும் ஷோரூமிலேயே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் அவர்கள் விழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.