கிட்டம்

கார்த்திகை தீபக் கூட்டத்துக்குப் பயந்து, ஒரு வாரம் முன்னதாகவே திருவண்ணாமலைக்குப் போய்க் கிரிவலத்தை முடித்துக்கொள்வது என் வழக்கம். சென்ற தடவை தங்கை மகனையும் அழைத்துக்கொண்டு, கவுத்தி மலைப் பக்கம் இருக்கும் ஒரு சிநேகிதரின் கொல்லைக்குப் போனேன். பையனுக்குப் பத்து வயது. உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, மழை ஓடிய ஓடை மணலில் இழுத்துக்கொண்டே வந்தான். திடீரென்று, "மாமா, இங்கே பாருங்கள்!" என்று கூவினான். காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது. அத்தனையும் கறுப்பு மணல்!

கொல்லைக் காவலுக்கு இருந்த பெரியவர் சிரித்தார். வரப்போரம் கிடந்த ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். கறுத்து, குமிழி குமிழியாக, கொதித்து உறைந்த வெல்லப்பாகு போல் இருந்தது, நல்ல கனம்.

"இது இன்னா கல்லு, சொல்லுங்க சார் பார்க்கலாம்."

"எரிமலைக் கல்லோ?" என்றேன், படித்தவன் தோரணையில்.

"கிட்டம் சார். அந்தக் காலத்துல இங்கே இரும்பு காய்ச்சினாங்களாம். ஏர் ஓட்டினா இன்னும் வருது."

கிட்டம் எனக்குப் புதிதல்ல. என் பாட்டிக்குச் சோகை கண்டபோது வைத்தியர் கொடுத்த மண்டூரம் இந்தக் கிட்டத்திலிருந்து செய்ததுதான். எவ்வளவு பழசோ அவ்வளவு விசேஷம் என்பார் அவர். சரித்திரத்துக்கும் அந்த விதி பொருந்தும் போலிருக்கிறது.

பழைய உலை மிகச் சிறியது. நாலடி உயர மண் கூடு; மாற்றி மாற்றி ஊத இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகள். ஒரு கூடை கரி, அதன்மேல் இடித்துக் கொழித்த தாது, மறுபடி கரி. சில மணி நேரம் ஊதினால் கிட்டம் பிரிந்து வடியும். உலையின் முகப்பை உடைத்துச் செக்கச் சிவந்த இரும்புக் கட்டியை இடுக்கியால் இழுத்துப் போடுவார்கள். கொழுவும் அரிவாளும் அதில்தான். அந்த இரும்பைத் துண்டாக்கி, ஆவாரங்குச்சியோடு மண் மூசையில் அடைத்து, இலை மூடிக் களிமண் பூசிக் காய்ச்சினால் உருக்கு. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று வியந்ததும், பாரடே போன்ற விஞ்ஞானி ஆராய்ந்ததும் இந்த வகை உருக்கைத்தான்.

இதையெல்லாம் பார்த்து ஆசைப்பட்டவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கும்பெனியின் சென்னை உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது பரிசல்களில் காவிரி வழியாக வந்தது. நஷ்டத்தின்மேல் நஷ்டம். 1853-ல் புதிய கம்பெனி ஒன்று கிளம்பி, தென்னாற்காட்டில் ஓர் உலையும் காவிரிக் கரையில் ஓர் உலையும் எழுப்பியது. தென்னாற்காட்டு உலை திருவண்ணாமலைப் பக்கம்தான். 1911-ல் வடாற்காட்டோடு சேரும்வரை திருவண்ணாமலை அந்த ஜில்லாவில்தானே இருந்தது!

தாதுவுக்குக் குறைவில்லை. குறைந்தது கரி. சீமையில் நிலக்கரி இருந்தது. இங்கே காடுதான் விறகு. பெரிய உலைக்குப் பெரிய பசி. பக்கத்துக் காடு தீர்ந்ததும் தூரத்துக் காடு. தூரம் ஏற ஏற வண்டிக்கூலி ஏறியது. 1860-களோடு பரங்கிப்பேட்டை உலையும் அணைந்தது.

பெரியவன் தோற்றதால் சின்னவன் பிழைத்தானா? அதுதான் இல்லை. சீமை இரும்பு மலிவாக வந்து சந்தையில் குவிந்தது. 1882-ல் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் வந்தது. ஒரு கூடை கரிக்கு மரம் வெட்டியவன் அன்றுமுதல் திருடன்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் கரி சுட்டவருங்க. காட்டைப் பூட்டிட்டாங்க; ஏர் பிடிச்சோம்" என்றார் பெரியவர். ஒரு தொழில் செத்த கதை இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

சீமைக்காரன் மட்டும் சுகப்பட்டானா? வட இங்கிலாந்தில் ஸ்வேல்டேல் என்றொரு மலைப் பள்ளத்தாக்கு. ஈயச் சுரங்கத்தால் வாழ்ந்த கிராமங்கள். 1880-களில் அயல்நாட்டு ஈயம் மலிவாக வந்ததும் சுரங்கங்கள் மூடின. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பஞ்சாலைகளுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். இன்று அங்கே புல்வெளியும், இடிந்த உலைகளும், கிட்டமும். நம்மை வீழ்த்திய அதே மலிவுதான் அவர்களையும் வீழ்த்தியது.

இரும்பின் ஆசை மட்டும் சாகவில்லை. 2000-க்குப் பிந்திய பத்தாண்டில், கவுத்தி மலையையும் வேடியப்பன் மலையையும் வெட்டி இரும்பெடுக்க ஒரு திட்டம் வந்தது. சுமார் 325 ஹெக்டேர் காடு கேட்டார்கள். சுற்றுக் கிராமத்தார் எதிர்த்து நின்றார்கள்.

வேடியப்பன் யார் என்று செங்கம் பக்கம் போய்ப் பார்க்கவேண்டும். பல்லவர் காலத்து நடுகற்கள் அங்கே ஏராளம். ஆநிரை காக்க மாண்ட வீரர்கள், வில்லும் குறுவாளும் ஏந்தியபடி. அவர்களைத்தான் ஜனங்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கையில் இரும்போடு நிற்கும் சாமி!

எனக்கு ஒரு சந்தேகம். பெரியவரிடமே கேட்டேன்:

"சுரங்கம் வந்திருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருக்குமே?"

"கிடைச்சிருக்கும் சார். இல்லேன்னு சொல்லலை." கிட்டத்தை என் கையிலிருந்து வாங்கி வரப்பிலேயே வைத்தார். "எத்தனை வருஷத்துக்கு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பையன் காந்தத்தை உதறிக்கொண்டிருந்தான். தாடி முழுவதும் உதிரவில்லை.