கயிறு மாறிய பின்: குதிரைப் பராமரிப்பும் இழப்பின் பொறுப்பும் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

ஒருவருக்கு உடைமையான குதிரை இன்னொருவரின் பராமரிப்பில் இருக்கையில் மடிந்துவிட்டால் அந்த இழப்பை யார் ஏற்பது? மேலெழுந்தவாரியாக நோக்கின் இது இலாயக்காரருக்கும் உடைமையாளருக்கும் இடைப்பட்ட சில்லறை வழக்காகத் தோன்றலாம். ஆயின் குதிரையைத் தன் மண்ணில் போதிய அளவு வளர்க்க இயலாது, கடல் கடந்து விலைக்குப் பெற்ற தென்னகத்திலும் ஈழத்திலும் இவ்வினா அரசின் கருவூலத்தையும் வணிகரின் இலாபத்தையும் உழைப்போரின் உயிரையும் தொட்டு நின்ற ஒன்றாகும். நமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் புரவியின் அழகை வியந்துள்ளனர். புரவிக்குத் தீனி வைத்தவனைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்பட்டதில்லை.

இவ்வழக்கு மிகப் பழையது. அர்த்தசாத்திரம் குதிரைத் தலைவனின் கடமைகளைக் கூறுமிடத்து, மருத்துவத்தில் ஏற்பட்ட கவனக்குறைவால் நோய் முற்றினால் செலவின் இருமடங்கைத் தண்டமாக விதிக்கின்றது. அக்குற்றத்தால் விளைவு முற்றிலும் மாறிப்போனால் விலங்கின் விலையையே தண்டமாக்குகின்றது. உடைமையாளன் அரசன், தண்டம் செலுத்துவோன் பராமரிப்போன். விதி தெளிவானது, யாருக்குச் சார்பானது என்பதும் தெளிவானதே.

கடல் வாணிபம் பெருகியபோது இத்தெளிவு குலைந்தது. ஈழத்துச் சான்றொன்றை முதலில் நோக்குவோம். முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனமொன்று நயினாதீவில் உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கும் இச்சாசனம், மரக்கலம் உடைந்தால் செய்யவேண்டிய பங்கீட்டையும் வரையறுக்கின்றது. சரக்கு ஏற்றிய கலமாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலமாயின் காற்பங்கே பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. யானை குதிரைகள்மீது தனக்குள்ள விருப்பமே இதற்குக் காரணமென மன்னன் கூறிக்கொள்கின்றான். விருப்பம் என்ற சொல்லை நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. தென்னிந்தியாவுக்கும் பர்மாவுக்கும் படை அனுப்பிய அரசொன்றின் போர்த்தேவையே அங்கு விருப்பமாகப் பேசுகின்றது. குதிரை வணிகனுக்கு நேரும் இடரைக் குறைக்க அரசு தன் வருவாயில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது என்பதே ஈண்டு மனங்கொளத்தக்கது.

அடுத்த நூற்றாண்டில், பாண்டி நாட்டில், இவ்விட்டுக்கொடுப்பு எல்லை மீறியது. மாறவர்மன் குலசேகரன் காலத்துக் குதிரை வாணிபம் பற்றி வெளிநாட்டார் இருவர் எழுதியுள்ளனர். பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்ததென்றும், ஒவ்வொன்றுக்கும் 220 செம்பொன் தினார் விலையென்றும் கூறுகின்றார். வழியில் மடிந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்படவேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, வாங்குவோன் கண்ணால் காணாத குதிரைக்கும் அவனே பொறுப்பாளி. இத்தகைய ஒப்பந்தத்துக்கு ஓர் அரசு எவ்வாறு உடன்பட்டது? ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராகவும் காயல் முதலிய துறைகளுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார் என்று அதே வசாப் கூறுகின்றார். விற்பவரின் உடன்பிறந்தாரே வாங்குபவரின் அமைச்சர்! இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அப்பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் வசாப் மறைக்கவில்லை. கோயில்களின் நிலங்களிலிருந்தும் அறக்கட்டளைகளிலிருந்தும் பெருகிய வருவாயும், கோயிற் பெண்டிர்மீது விதித்த வரியும் இதற்குப் பயன்பட்டன என்பது அவர் கூற்று. அவர் நேரிற் கண்டு எழுதியவரல்லர். ஆகவே எண்களைச் சற்று எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். ஆயினும் போக்கு ஐயத்துக்கிடமற்றது. தேவதான நிலத்தில் உழவன் விளைவித்த உபரி, கோயில் வழியாகப் பாரசீக வளைகுடாவுக்குச் சென்றது. அதற்கு ஈடாக வந்த குதிரை ஓராண்டுக்குள் பந்தியில் விழுந்து மடிந்தது.

ஏன் மடிந்தது? வழக்கின் மையம் இதுவே. 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டிறுதியில் நூறு குதிரை கூட எஞ்சுவதில்லை என்கின்றார். பராமரிக்க அறிந்தோர் இந்நாட்டில் இல்லை என்பதும், வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாக இடுகின்றனர் என்பதும் அவரது குற்றச்சாட்டுகள். வசாபும் தீனியைக் குறை கூறுகின்றார்: வாற்கோதுமையை வறுத்தும் தானியத்தை நெய்யிட்டு வேகவைத்தும் கொடுத்து, பின்னர் காய்ச்சிய பால் புகட்டினராம்.

நமது ஆய்வாளர் சிலர் இக்கூற்றுகளைக் கொண்டு தமிழருக்குக் குதிரை வளர்ப்புத் தெரியாது என்று முடித்துவிடுகின்றனர். நாம் இதனுடன் உடன்படுவதற்கில்லை. இருவர் கூற்றும் விற்போர் தரப்பிலிருந்து கிளம்பியவை. விற்ற பொருள் விரைவில் கெட்டால், வாங்கியவனுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்பது வணிகனின் பழைய விடை. வாற்கோதுமையும் உலர்ந்த புல்வெளியும் உள்ள நாட்டுக் குதிரை, பல வாரங்கள் கப்பலில் நின்று, நெல் விளையும் ஈரநிலத்தில் இறங்குகின்றது. அங்கு கிடைப்பதையே பந்தியாள் கொடுப்பான். அன்றியும், மார்க்கோ போலோவே இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றார்: குதிரை மருத்துவர் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி வணிகர் பார்த்துக்கொள்கின்றனர், குதிரைகள் மடிவதே அவர்களுக்கு ஆதாயம். இது உண்மையாயின், அறியாமை என்று கூறப்படுவது இயல்பான குறைபாடன்று. வாணிபத்தால் திட்டமிட்டு வைத்திருக்கப்பட்ட குறைபாடு. உற்பத்திச் சாதனத்தை மட்டுமன்றி, அதைப் பேணும் அறிவையும் தனியுடைமையாக்கிய நிலையை நாம் இங்கு காண்கின்றோம்.

இப்பின்னணியில் மாணிக்கவாசகர் கதையை மீண்டும் படித்தல் வேண்டும். நரி பரியான செய்தி திருவாசகத்திலேயே இடம்பெறுகின்றது. கதையை விரித்தோர் பிற்காலப் புராணக்காரர். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர் குதிரை வாங்கப் பெருந்துறைக்குச் செல்கின்றார். பணம் திருப்பணிக்குப் போகின்றது. இறைவன் குதிரை வணிகனாக வந்து நரிகளைப் பரிகளாக்கிக் கொடுக்கின்றான். கொடுக்கும்போது கயிறு மாறுதல் என்னும் வழக்கம் வற்புறுத்தப்படுகின்றது. கயிறு வாங்குவோன் கைக்கு மாறிய பின் குதிரைக்கு என்ன நேரினும் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. அன்றிரவே பரிகள் நரிகளாகிப் பந்தியிலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. வணிகனை யாரும் தேடவில்லை. தேடவும் முடியாது, கயிறு மாறிவிட்டது. வெயிலில் வைகை மணலில் நிறுத்தப்பட்டவர் அமைச்சரே.

பக்தி மரபு இதனை அருள் விளையாட்டாகக் காண்கின்றது. அதனை மறுப்பது நமது நோக்கமன்று. ஆயின் இக்கதையைக் கேட்ட மக்கள், மாலையில் வாங்கிய குதிரை காலையில் இல்லாதுபோவதை நம்பமுடியாத செய்தியாகக் கருதியிருக்க மாட்டார்கள். கருவூலப் பொன் கோயிலுக்கா குதிரைக்கா என்ற போட்டியையும் கதை அறிந்தே வைத்திருக்கின்றது. வசாப் கூறும் கோயில் வருவாய்ச் செய்தியின் மறுதலை இது. ஆவுடையார்கோயில் மண்டபத்தில் குதிரைகளை விரும்பிச் செதுக்கிய சிற்பியருக்கும் இந்நினைவு அந்நியமானதன்று.

வன்னிப் பெருநிலத்தின் நிலை வேறு. பூநகரிப் பகுதியின் ஜெயபுரத்திலிருந்து நோக்குவோர்க்கு யானையே இந்நிலத்தின் விலைபெறு விலங்கு; வன்னியர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாகச் செலுத்தியதும் யானையே. ஆனையிறவு என்னும் பெயரே அவை பரவைக்கடலைக் கடந்த வழியைச் சொல்லும். குதிரை இருந்தது கடலுக்கப்பால் நெடுந்தீவில். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற குதிரைகளை ஒல்லாந்தர் பெருக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் பிரித்தானிய அதிகாரி அதனைத் தொடர்ந்து நடத்தினார். முருகைக்கல்லால் எழுந்த இலாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆட்சியாளர் இலாயத்தைக் கைவிட்டபோது குதிரைகளை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கயிறு மாறவில்லை, அவிழ்க்கப்பட்டது. அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் தீவின் தென்பகுதியில் திரிகின்றன. வறட்சி மிகும் ஆண்டுகளில் நீரின்றி மடிகின்றன. அவ்வேளைகளில் தொட்டிகளுக்கு நீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்ற கேள்வி, தம் குடிநீருக்கே அல்லற்படும் தீவு மக்களிடம் போய் நிற்கின்றது.