முடியும் குடியும் – 14: பேனா கைமாறிய நாள்

1922 டிசம்பர் 12. டப்ளினில் லென்ஸ்டர் மாளிகை. ஐரிஷ் சுதந்திர அரசு பிறந்து ஆறே நாள் ஆகியிருந்தது. அந்த ஆறு நாளைக்குள் என்னென்னவோ நடந்துவிட்டன. 7ஆம் தேதி ஷான் ஹேல்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை, பல மாதங்களாகச் சிறையில் இருந்த நான்கு குடியரசுப் போராளிகளை விசாரணை எதுவும் இல்லாமல் அரசு சுட்டுக் கொன்றது. அந்த நால்வரில் ஒருவர் ரோரி ஓ'கானர். தண்டனைக்கு இசைந்த அமைச்சர்களில் ஒருவர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ். முந்தைய ஆண்டு ஓ'ஹிக்கின்ஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் அதே ஓ'கானர்தான்.

இப்படிப்பட்ட வாரத்தில்தான் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பிரதிநிதி, புதிய நாடாளுமன்றத்துக்கு உரை வாசிக்க வந்தார். மேலவையான செனட்டின் உறுப்பினர்களும் கீழவை மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். லண்டனில் மன்னர் நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்கும்போது காணும் ஆடம்பரம் எதுவும் இங்கே இல்லை. பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை எதிர்த்த உறுப்பினர்களின் இருக்கைகளில் ஆளில்லை. அவர்களில் பலர் சிறையில் இருந்தார்கள், சிலர் தலைமறைவு.

சென்ற வாரம் பெல்ஃபாஸ்ட் உரையைப் பார்த்தோம். 1921 ஜூன் 22 அன்று வட அயர்லாந்து நாடாளுமன்றத்தை ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து திறந்துவைத்தார். ஐரிஷ் மக்கள் அனைவரும் பகையை மறந்து கைகோக்க வேண்டும் என்று வேண்டினார். அந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ்; ஒரு காலத்தில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டவர். உரைக்கு வடிவம் கொடுத்தது லண்டன் அரசு. மூன்றே வாரத்தில், ஜூலை 11 அன்று, போர்நிறுத்தம் வந்தது. அதன் வழியே பேச்சுவார்த்தை, அதன் முடிவில் டிசம்பர் ஒப்பந்தம். 1922 ஜனவரி 7 அன்று 64க்கு 57 என்ற வாக்கில் ஐரிஷ் அவை அதை ஏற்றது. அந்த ஏழு வாக்கு வித்தியாசம்தான் பின்னர் உள்நாட்டுப் போராக வெடித்தது.

வாசித்தவர் யார்?

கனடாவின் தலைமை ஆளுநர் எப்படி நியமிக்கப்படுகிறாரோ அப்படியே அயர்லாந்திலும் நடக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். அந்நாளில் கனடாவுக்குப் போனவர்கள் பிரிட்டிஷ் பிரபுக்கள். டப்ளினுக்கு வந்தவரோ உள்ளூர்க்காரர், பட்டமில்லாத வழக்கறிஞர். பெயர் டிம் ஹீலி. கார்க் மாவட்டத்தின் பான்ட்ரியில் பிறந்தவர், வயது 67. லண்டன் நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் அயர்லாந்துக்காக வாதாடியவர். அரசை எதிர்த்துப் பேசியதற்காக இளமையில் சிறை கண்டவர். 1890இல் தலைவர் பார்னெலைக் கடுமையாகத் தாக்கியதால் பலருடைய வெறுப்பையும் சம்பாதித்தவர். ஓ'ஹிக்கின்ஸுக்கு உறவுமுறையில் மாமா. ஆங்கிலேய ராஜப்பிரதிநிதிகள் வாழ்ந்த ஃபீனிக்ஸ் பூங்கா மாளிகையில் இப்போது அவர் குடியேறினார்.

அவர் கையில் இருந்த தாளில் ஒரு வரிகூட அவருடையதல்ல. காஸ்கிரேவ் தலைமையிலான ஐரிஷ் அமைச்சரவை எழுதித் தந்த உரை அது. அரசு என்ன செய்யப்போகிறது, என்னென்ன சட்டங்களைக் கொண்டுவரப்போகிறது என்பதை மன்னரின் பெயரால் சொல்வதுதான் அவர் வேலை. நம் சட்டமன்றங்களில் ஆண்டின் முதல் கூட்டத்தில் ஆளுநர் வாசிக்கும் உரையும் இந்த மரபின் கிளைதான்.

இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். பெல்ஃபாஸ்டில் மன்னரே பேசினார். எழுதிய கை லண்டனில் இருந்தது. டப்ளினில் மன்னரின் ஆள் பேசினார். எழுதிய கை டப்ளினிலேயே இருந்தது. இடையில் ஓடியது ஒன்றரை ஆண்டு. ஆட்சி கைமாறியதன் அடையாளமாக டப்ளின் கோட்டை ஒப்படைக்கப்பட்டதைச் சொல்வார்கள், கொடி இறங்கியதைச் சொல்வார்கள். பேனா கைமாறியதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய அடையாளம்.

ஆனாலும் எதிர்த்தவர்களின் வலியை அலட்சியப்படுத்த முடியாது. உறுப்பினராக அமர வேண்டுமானால் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். குடியரசுக்காகத் தோழர்களைப் பறிகொடுத்தவனுக்கு அந்தச் சொற்கள் தொண்டையில் இறங்கவில்லை. தலைமை ஆளுநரும் வெறும் வாசகர் அல்ல. அந்தத் தொடக்க ஆண்டுகளில் லண்டன் அரசு அவர் மூலமாகவும் டப்ளினோடு பேசியது. எழுதும் கை மாறியதை ஒரு தரப்பு பார்த்தது. வாசித்த வாயில் இருந்த மன்னரின் பெயரை மறுதரப்பு பார்த்தது. இரண்டுமே உண்மை.

இரண்டே முறை

1923 ஆகஸ்டில் பொதுத்தேர்தல் நடந்தது. அக்டோபர் 3 அன்று ஹீலி இரண்டாவது முறையாக உரை வாசித்தார். அதுவே கடைசி. அந்தச் சடங்கை ஒழிக்க யாரும் போராடவில்லை. அதற்கடுத்து அது நடக்கவேயில்லை, அவ்வளவுதான். தன் கொள்கையைத் தானே அவையில் சொல்ல அரசுக்கு இன்னொருவர் வாய் தேவைப்படவில்லை.

மற்றவையும் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒப்பந்தத்தை எதிர்த்த டி வலேரா 1932இல் ஆட்சிக்கு வந்தார். 1933இல் உறுதிமொழியைச் சட்டத்தால் நீக்கினார். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடிதுறந்தபோது, அந்த வாய்ப்பைப் பயன்படுத்தித் தலைமை ஆளுநர் பதவியையே அரசமைப்பிலிருந்து எடுத்தார். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. இந்த ஒப்பந்தம் முழு விடுதலை அல்ல, அதை அடைவதற்கான வழி என்று வாதாடிய மைக்கேல் காலின்ஸின் கூற்றை மெய்ப்பித்தவர் அவருடைய எதிரணித் தலைவரே. அதைப் பார்க்க காலின்ஸ் உயிரோடு இல்லை. 1922 ஆகஸ்ட் 22 அன்றே உள்நாட்டுப் போரின் குண்டுக்கு இரையானார்.

ஹேல்ஸும் இல்லை, ஓ'கானரும் இல்லை. முதல் உரை வாசிக்கப்பட்ட அன்று மண்டபத்தில் காலியாக இருந்த இருக்கைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1927இல்தான் டி வலேராவும் தோழர்களும் உள்ளே வந்து அமர்ந்தார்கள். பேனா அதுவரை பாதி நாட்டுக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம்: 1948 பிப்ரவரி 10, கொழும்பு. சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க வருகிறார் க்ளஸ்டர் கோமகன்.

(தொடரும்)